பவர் ஸ்டியரிங் ஹோஸ் ஒழுகல்: எப்போது ஒழுகுகிறது என்று பார்த்தால் எங்கே என்று தெரியும்

பழைய காரில் பவர் ஸ்டியரிங் ஆயில் குறைந்துகொண்டே வந்தால், ஒரு பாட்டில் வாங்கி டிக்கியில் போட்டுவைத்து, குறையும்போதெல்லாம் ஊற்றி ஓட்டுபவர்கள் நிறையப் பேர். ஒழுகல் என்று கேட்டவுடனேயே ரேக் (ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) போய்விட்டது என்று முடிவுகட்டிப் பெரிய செலவில் இறங்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருமே ஒரு வேலையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்: ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது. எஞ்சின் ஓடும்போது ஒழுகுகிறதா, நிறுத்திய பிறகா, ஸ்டியரிங்கைத் திருப்பினால் மட்டுமா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் ஒரு முழத்துக்குள் வந்துவிடும்.

அதனால் இதைப் பாகம் பாகமாக எழுதாமல் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் காரில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் அடுத்த இரண்டு பகுதிகளைக் கட்டாயம் படித்துவிடுங்கள்.

ஆயில் போகும் பாதை

ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்கில் பொதுவாக மூன்று ஹோஸ் இருக்கும். ஸ்டியரிங் ஆயில் டேங்கிலிருந்து பம்புக்கு வரும் தடிமனான குட்டை ஹோஸ் உறிஞ்சும் பக்கம். இதில் அழுத்தம் கிடையாது, எஞ்சின் ஓடும்போது உள்ளே லேசான இழுவைதான் இருக்கும். சில கார்களில் டேங்க் பம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அவற்றில் இந்த ஹோஸ் இருக்காது.

பம்பிலிருந்து ரேக்குக்கு அல்லது ஸ்டியரிங் பாக்ஸுக்குப் போவது பிரஷர் ஹோஸ். இரண்டு முனையிலும் உலோகக் குழாய், நடுவில் பின்னல் வைத்த தடித்த ரப்பர், இரண்டும் சேரும் இடத்தில் நசுக்கிப் பிடித்த ஓர் உலோக வளையம். அந்த வளையத்தைத்தான் கிரிம்ப் என்பார்கள். மூன்றாவது, ரேக்கிலிருந்து டேங்குக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸ். சில வண்டிகளில் இது ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு வளைந்த குழாயாகச் சுற்றி வரும். ஆயிலைக் குளிர வைக்க அப்படி வைத்திருக்கிறார்கள்.

அழுத்தத்தின் வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார் நேராகப் போகும்போது பிரஷர் ஹோஸில் சில பார் அழுத்தம்தான். சக்கரத்தை ஓரம் வரை திருப்பிப் பிடித்தால், பம்புக்குள் இருக்கும் ரிலீஃப் வால்வு திறக்கும் வரை அது ஏறும். பல கார்களில் அந்த எல்லை 70 முதல் 100 பார் வரை. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாருக்குக் கொஞ்சம் மேலே. டேப் சுற்றி, எம்-சீல் தடவி, கிளாம்ப் போட்டு பிரஷர் ஹோஸை நிறுத்த முடியாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

கையை வைப்பதற்கு முன்

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒழுகும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளையிலிருந்து அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. உள்ளே தசை அழுகத் தொடங்கி விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி நடந்துவிட்டால் வீட்டில் கழுவி மருந்து போட்டுக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அழுத்தத்தில் ஆயில் உள்ளே ஏறியிருக்கிறது என்று அங்கே தெளிவாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் சின்னக் காயம் என்று நினைத்து அனுப்பிவிடக்கூடும். தேடுவதற்கு ஒரு துண்டு அட்டை போதும். ஹோஸுக்குப் பக்கத்தில் அட்டையைப் பிடித்தால் பீய்ச்சல் அதில் கோடாக விழும்.

ஓடும் பெல்ட்டில் சட்டைக் கையோ தாவணியோ தொங்கும் கயிறோ மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் மின்விசிறி எஞ்சினை நிறுத்திய பிறகும் தானாகச் சுழலும். காருக்கு அடியில் போவதென்றால் ஜாக்கை மட்டும் நம்பிப் போகவே கூடாது, ஸ்டாண்ட் போட்டே ஆக வேண்டும்.

அறிகுறி: தரையில் கறை, ஆனால் எந்த ஆயில் என்று தெரியவில்லை

ராத்திரி கார் நிற்கும் இடத்தில் முன்பக்கம் முழுவதும் அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்துவையுங்கள். காலையில் சொட்டின் நிறமும் இடமும் தெரியும்.

சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஏ.டி.எஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கென்று வந்த ஆயில். நிறையப் பழைய கார்களின் பவர் ஸ்டியரிங்கில் டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப்தான் ஊற்றியிருப்பார்கள். ஆனால் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸிலும் அதே சிவப்பு ஆயில் இருக்கும், அதனால் அந்த வகைக் கார் என்றால் இரண்டு அளவையும் பாருங்கள். சில ஐரோப்பியக் கார்களில் பச்சை நிற ஹைட்ராலிக் ஆயில் இருக்கும், அதைக் கூலன்ட் என்று தவறாக நினைக்க வாய்ப்புண்டு. கூலன்ட் என்றால் இனிப்பான வாசனை அடிக்கும், தண்ணீரில் கலந்துவிடும். ஆயில் தண்ணீரின் மேல் மிதக்கும். பல வருடம் மாற்றாத பவர் ஸ்டியரிங் ஆயில் சிவப்பு போய்ப் பழுப்பாகி, கருகிய வாசனையோடு எஞ்சின் ஆயில் மாதிரியே தெரியும். குழப்பமாக இருந்தால் டேங்க் மூடியைத் திறந்து அதில் ஒட்டியிருக்கும் ஆயிலையும் தரையில் விழுந்ததையும் ஒரே வெள்ளைத் துணியில் பக்கத்துப் பக்கத்தில் தொட்டு வைத்துப் பாருங்கள். அதைவிட நல்ல சோதனை தேவையில்லை.

சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலேதான் ஒழுகல் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயில் குழாய் வழியே இறங்கி, அடியில் இருக்கும் குறுக்குச் சட்டத்தில் ஊர்ந்து, தாழ்வான இடம் வந்ததும் சொட்டும். ஓடும்போது அடிக்கும் காற்று அதைப் பின்னாலும் தள்ளிவிடும். நனைந்த இடங்களில் மிக உயரமானது எது என்று தேடுங்கள். ஒழுகல் அங்கேயோ அதற்குச் சற்று மேலேயோதான் இருக்கும்.

அறிகுறி: ஓடும்போது ஒன்றுமில்லை, நிறுத்தி வைத்தால் சொட்டுகிறது

அழுத்தம் இல்லாத நேரத்தில் ஒழுகுகிறது என்றால் அழுத்தம் இல்லாத பக்கத்தைப் பாருங்கள்: டேங்க், உறிஞ்சும் ஹோஸ், ரிட்டர்ன் ஹோஸ். எல்லா அறிகுறிகளிலும் நான் மனம் லேசாகிக் கேட்பது இதைத்தான், ஏனென்றால் பெரும்பாலும் வீட்டிலேயே முடிந்துவிடும்.

பழைய ரப்பர் சூட்டில் கல்லாகிவிடும். கிளாம்ப் இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குள் இருக்கும் ரப்பர் நிப்பிளோடு (ஹோஸ் மாட்டும் குழாய் முனையோடு) ஒட்டிப் பிடிக்காது. விரலால் அழுத்திப் பாருங்கள். பிளாஸ்டிக் மாதிரி விறைப்பாக இருந்தாலும் சரி, கொழகொழவென்று ஊறிப்போய் இருந்தாலும் சரி, ஹோஸின் காலம் முடிந்துவிட்டது. கிளாம்பை இன்னும் இறுக்கிப் பலனில்லை. சில நாள் நிற்கும், அப்புறம் கிளாம்பின் பற்கள் ரப்பரை வெட்டிவிடும். நீளம் மிச்சம் இருந்து, முனை மட்டும்தான் கெட்டிருக்கிறது, மற்ற இடம் மெத்தென்று இருக்கிறது என்றால் முனையில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். இல்லையென்றால் மாற்றிவிடுங்கள்.

மாற்றும் ஹோஸ் பவர் ஸ்டியரிங் ரிட்டர்னுக்கு என்று குறிப்பிட்டதாக இருக்க வேண்டும். ஹீட்டர் ஹோஸ் தண்ணீருக்கானது, ஆயிலில் ஊறி வீங்கிவிடும். உறிஞ்சும் பக்கத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். மெல்லிய ஹோஸ் போட்டால் ஓடும்போது உள்ளே இழுத்துச் சப்பையாகி ஆயிலையே அடைத்துவிடும்.

ஹோஸை உருவும்போது ஒரு எச்சரிக்கை. பழைய டேங்கின் பிளாஸ்டிக் நிப்பிள் பிஸ்கெட் மாதிரி உடையும். பிளேயரால் பிடித்துத் திருகி இழுக்காதீர்கள். மாற்றப்போகிற ஹோஸ்தானே, நீளவாக்கில் கத்தியால் கீறிப் பிளந்து எடுங்கள். கத்தி நிப்பிளில் படாமல், ரப்பரின் பாதி ஆழம் வரை கீறிவிட்டு விரலால் பிரித்தால் வந்துவிடும். நிப்பிளில் ஒரு கீறல் விழுந்தால் புது ஹோஸ் போட்டாலும் அந்தக் கீறல் வழியாகவே கசியும்.

ஹோஸ் எல்லாம் நன்றாக இருந்தால் டேங்கையே பாருங்கள். இரண்டு பாதியாகச் செய்து ஒட்டிய டேங்கில் அந்த ஒட்டு விட்டுப்போகும், துடைத்துக் காயவைத்தால் சில நிமிடத்தில் ஒரு மெல்லிய கோடாக ஆயில் மறுபடி தெரியும். மூடி வழியாக வழிந்து டேங்கின் பக்கமெல்லாம் நனைந்திருப்பதும் உண்டு. அது பல நேரம் அளவுக்கு மேல் ஊற்றியதால் வருவது. டேங்கில் குளிர்ந்த நிலைக்கு ஒரு கோடும் சூடான நிலைக்கு ஒரு கோடும் இருக்கும். குளிர்ந்த காரில் சூட்டுக் கோடு வரை ஊற்றினால் வழியத்தான் செய்யும்.

அறிகுறி: திருப்பும்போதுதான் ஒழுகுகிறது

இது பிரஷர் ஹோஸ். அல்லது அது மாட்டியிருக்கும் இணைப்பு. முடிவு கட்டுவதற்கு முன் இதை ஒழுங்காகச் சோதிக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

எஞ்சின் ஆறிய பிறகு பம்ப், ஹோஸ், ரேக் இணைப்புகள் எல்லாவற்றையும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். கிளீனர் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் சூடான எஞ்சினில் அடிக்கக் கூடாது, காய்ந்து ஆவி போன பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். காய்ந்த இடங்களில் முகப்பவுடரைத் தூவுங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் பட்டால் கறை உடனே பளிச்சென்று தெரியும். இப்போது ஒருவர் காரில் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மெதுவாகத் திருப்பட்டும். ஓரத்தில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்க வேண்டாம், அப்படிப் பிடித்தால் பம்பில் ஆயில் சட்டென்று அளவுக்கு மேல் சூடேறும். நீங்கள் டார்ச்சோடு, பெல்ட்டுக்கு எட்டாத தூரத்தில் நின்று பாருங்கள். எட்டாத மூலைக்கு ஒரு சின்னக் கண்ணாடி உதவும். அப்படியும் தெரியவில்லையென்றால் ஆயிலில் கலக்கும் யு.வி. சாயம் கிடைக்கும். ஊற்றி ஒரு நாள் ஓட்டிவிட்டு இருட்டில் யு.வி. விளக்கை அடித்தால் ஒழுகும் இடம் பச்சை மஞ்சளாக மின்னும்.

ஒழுகல் கிடைக்கும் இடங்கள் நான்குதான். கிரிம்ப் வளையத்தின் வாயில் ஈரம் என்றால், சூடாகி ஆறி, சூடாகி ஆறி ரப்பர் சுருங்கி வளையத்துக்குள் பிடி தளர்ந்துவிட்டது. பழைய கார்களில் நான் அதிகம் பார்த்தது இதுதான். ரப்பரின் நடுவில் ஊறினால் வேறு ஏதோ ஒரு பாகத்தில் உரசித் தேய்ந்திருக்கும், அல்லது எக்ஸாஸ்ட் சூட்டில் வெடித்திருக்கும். உலோகக் குழாயில் என்றால் துரு, அதுவும் பிடிமானக் கிளிப்புக்கு அடியில் நீர் தங்கும் இடத்தில். கிளிப்பைத் தளர்த்திப் பார்க்காமல் அது தெரியாது.

நான்காவது, பம்பிலோ ரேக்கிலோ மாட்டும் இணைப்பு. இதைக் கவனமாகப் பாருங்கள், ஏனென்றால் இது ஹோஸ் பழுது இல்லை. சில கார்களில் இணைப்புக்குள் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இருக்கும். சிலவற்றில் உள்ளே ஆயில் போகத் துளையிட்ட பேஞ்சோ போல்ட்டும் இரண்டு பக்கமும் காப்பர் வாஷரும். ஓ-ரிங் காய்ந்து போயிருந்தால் அதை மட்டும் மாற்றினாலே போதும். இந்த ஒரு வளையத்தைப் பார்க்காமல் முழு ஹோஸையும் மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

கிரிம்பிலோ ரப்பரிலோ ஒழுகினால் ஹோஸைக் கழற்றி எடுத்துப் புதிதாக மாட்டுவதுதான் தீர்வு. உங்கள் மாடலுக்குப் புது ஹோஸ் கிடைக்கவில்லையென்றால், ஹைட்ராலிக் ஹோஸ் செய்யும் இடத்தில் உங்கள் பழைய முனைக் குழாய்களை வைத்துக்கொண்டு நடு ரப்பரை மட்டும் புதிதாகப் போட்டு அழுத்திக் கொடுப்பார்கள். அந்த அழுத்தத்துக்கும், கையிலிருக்கும் ஆயில் வகைக்கும், எஞ்சின் அறைச் சூட்டுக்கும் ஏற்ற ரப்பர் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய ஹோஸின் நீளத்தையும், இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கின்றன என்பதையும் மாற்றாமல் செய்யச் சொல்ல வேண்டும். முனையின் கோணம் கொஞ்சம் மாறினாலும் மாட்டும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளும்.

அறிகுறி: ஒரு சொட்டுகூட விழவில்லை, ஆனால் திருப்பினால் முனகுகிறது, டேங்கில் நுரை

ஆயில் வெளியே வரவில்லை, காற்று உள்ளே போகிறது. உறிஞ்சும் ஹோஸில் இருக்கும் சின்ன விரிசல் எஞ்சின் ஓடும்போது காற்றை இழுக்கும். அந்தக் காற்று பம்பில் நொறுங்கி ஆயிலை மில்க் ஷேக் மாதிரி வெளுத்த நுரையாக்கிவிடும். முனகல் வருவதும் அதனால்தான்.

முதலில் ஆயில் அளவைப் பாருங்கள், குறைந்திருந்தாலும் இதே சத்தம் வரும். அளவு சரி என்றால், எஞ்சின் ஓடும்போது உறிஞ்சும் ஹோஸின் இரண்டு முனை இணைப்பிலும் அதே பவர் ஸ்டியரிங் ஆயிலைச் சில சொட்டுகள் விட்டுப் பாருங்கள். சத்தம் சற்று நேரம் மாறினாலோ நின்றாலோ அங்கேதான் காற்று நுழைகிறது. டேங்குக்குள் சல்லடை வைத்த கார்களில் அது அழுக்கால் அடைத்திருந்தாலும் பம்புக்கு ஆயில் பற்றாமல் இதே முனகல் கேட்கும். குளிர்ந்த காலையில் முதல் சில விநாடி மட்டும் முனகி அடங்கினால் பயப்பட வேண்டாம், ஆயில் கெட்டியாக இருந்ததால் வந்த சத்தம் அது.

அறிகுறி: கருகிய வாசனை, பானெட்டிலிருந்து புகை

ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஆயில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்த் தொகுதியின்) மேல் விழுகிறது. ஏ.டி.எஃப் சுமார் 200 டிகிரி செல்சியஸ் அளவில் தீப்பொறி பட்டால் பற்றும் ஆவியை விடத் தொடங்கும். ஏற்றத்தில் ஓடிய எஞ்சினின் மேனிஃபோல்ட் அந்தச் சூட்டை வெகு எளிதாகத் தாண்டியிருக்கும். பிரஷர் ஹோஸிலிருந்து பனிச்சாரலாகத் தெறிக்கும் ஆயில் சொட்டாக விழுவதைவிட இன்னும் சீக்கிரம் பற்றும்.

புகையோடு வீடு வரை ஓட்டிப் போய்விடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வண்டியை இழுத்துப் போகச் சொல்லுங்கள். சரி செய்த பிறகு மேனிஃபோல்டின் வெப்பத் தகடுகளில் தேங்கிய பழைய ஆயிலையும் துடைத்தெடுக்க வேண்டும். ஹோஸ் மாற்றிய பிறகும் ஓரிரு நாள் லேசான வாசனை வரலாம், அது மிச்சம் இருந்தது கருகும் வாசனை. ஆனால் புகை கண்ணுக்குத் தெரிந்தால் மறுபடி திறந்து பாருங்கள்.

அறிகுறி: திடீரென்று ஸ்டியரிங் கனத்துவிட்டது

ஹோஸ் வெடித்து ஆயில் முழுவதும் போனாலும் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள இரும்பு இணைப்பு அப்படியே இருக்கும். அதனால் கார் திரும்பும், ஆனால் நிறையப் பலம் வேண்டும். பதறாமல் இரண்டு கையாலும் பிடித்து வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள்.

பானெட்டைத் திறந்து முதலில் பெல்ட்டைப் பாருங்கள், பெல்ட் அறுந்தாலும் இதே கனம்தான். பெல்ட் இருந்து, டேங்க் காலி என்றால் ஹோஸ். அந்த நிலையில் கனமான ஸ்டியரிங்கோடு சமாளித்து ஓட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் பம்ப் உள்ளே இருக்கும் பிளேடுகளுக்கு அந்த ஆயில்தான் உயவு. வறண்டு ஓடினால் கொஞ்ச நேரத்தில் பம்ப் தேய்ந்து, துகள்கள் ரேக்குக்குள்ளும் போய்விடும். பம்ப் இறுகிப்போனால் பெல்ட்டும் போகும். அதே பெல்ட் தண்ணீர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிற கார் என்றால் எஞ்சினே சூடேறிவிடும். ஒரு ஹோஸோடு முடிய வேண்டிய செலவு எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.

இன்னொன்று: சில கனமான வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் இதே பம்பின் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. உங்கள் வண்டி அந்த வகை என்றால் ஹோஸ் வெடித்தவுடன் பிரேக்கும் கனக்கும். அப்படிப்பட்ட வண்டியை ஒழுகலோடு ஓட்டவே கூடாது.

அறிகுறி: ஹோஸ் எல்லாம் காய்ந்திருக்கிறது, ஆயில் மட்டும் குறைகிறது

ரேக்கின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் ரப்பர் உறையை அழுத்திப் பாருங்கள். உள்ளே தளும்பினால் ரேக் சீல் போய்விட்டது, ஆயில் அந்த உறைக்குள் தேங்கியிருக்கிறது. பம்பின் புல்லிக்குப் பின்னால் சுற்றிலும் வட்டமாகத் தெறித்திருந்தால் பம்பின் ஷாஃப்ட் சீல். இரண்டுமே ஹோஸ் வேலையைவிடப் பெரியவை, இங்கே அவற்றுக்குள் போகவில்லை.

பிரஷர் ஹோஸ் மாற்றும் வேலை

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கழற்றுவதற்கு முன் ஹோஸ் போகும் பாதையை, ஒவ்வொரு கிளிப்பும் தெரியும்படி, போனில் படம் எடுத்துவிடுங்கள். டேங்கில் இருப்பதை ஒரு பெரிய ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுங்கள். அடியில் ஒரு தட்டு வையுங்கள், இணைப்பைத் தளர்த்தியதும் மிச்சம் கொட்டும். ஆல்டர்னேட்டர் அதற்கு நேர் கீழே இருந்தால் பிளாஸ்டிக் பையால் மூடிவிடுங்கள்.

முந்தின நாளே நட்டுகளில் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவைத்திருந்தால் நல்லது. சாதாரண ஓபன் ஸ்பேனர் போட்டால் இந்த நட்டுகளின் முனை மழுங்கிவிடும். குழாய் நட்டுக்கென்றே ஒரு பக்கம் வெட்டு விட்ட ரிங் மாதிரி ஃபிளேர் நட் ஸ்பேனர் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இணைப்பின் மறுபாதியில் ஸ்பேனர் பிடிக்க இடம் இருந்தால் அதை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு திருப்புங்கள், இல்லையென்றால் பம்பின் அடாப்டரும் சேர்ந்தே சுழன்று வந்துவிடும்.

கழற்றியவுடன் திறந்த வாய்களைச் சுத்தமான பிளாஸ்டிக் மூடியால் அடையுங்கள். ஒரு மணல் துகள் போனாலும் ரேக்கின் வால்வு பழுதாகும். அப்புறம் பழைய ஓ-ரிங் வெளியே வந்ததா என்று எண்ணிப் பாருங்கள். அது பம்பின் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும். அதன் மேலேயே புதியதைப் போட்டு இறுக்கினால் ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்திலேயே பீய்ச்சும். புது ஓ-ரிங்கை அதே ஆயிலில் நனைத்துப் போடுங்கள். காப்பர் வாஷரைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

இரண்டு முனையையும் கையாலேயே சில சுற்று ஏற்றிவிட்டு, கிளிப்புகளை மாட்டி, ஹோஸ் முறுக்கு இல்லாமல் இயல்பாக உட்கார்ந்திருக்கிறதா, எக்ஸாஸ்ட்டிலிருந்து விலகி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும். மரை ஏறும்போதே கையில் தடங்கல் தெரிந்தால் நிறுத்திக் கழற்றி மறுபடி நேராக வைத்து ஏற்றுங்கள், பம்பின் மரை அலுமினியமாக இருக்கலாம். எவ்வளவு இறுக்குவது என்பது உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். ஓ-ரிங் வைத்த இணைப்பு பலத்தால் நிற்பதில்லை, அதிகம் இறுக்கினால் ரிங் வெட்டுப்படும்.

ஆயில் ஊற்றுவதும் காற்றை வெளியேற்றுவதும்

டேங்க் மூடியிலோ கையேட்டிலோ எந்த ஆயில் என்று எழுதியிருக்கிறதோ அதுதான். டெக்ஸ்ரான் என்று சொல்லும் காருக்கு அது, பச்சை செயற்கை ஆயில் கேட்கும் காருக்கு அது, ஹோண்டா போலத் தனக்கென்று ஒரு ஆயில் வைத்திருக்கும் காருக்கு அந்த ஆயில். நிறம் ஒன்றாக இருக்கிறது என்று கலக்காதீர்கள். பிரேக் ஆயிலை ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது, சீல்கள் எல்லாம் வீங்கிக் கெட்டுவிடும். ஒழுகலை நிறுத்தும் என்று விற்கும் மருந்துகளைப் பற்றியும் கேட்பீர்கள். அவை காய்ந்த சீலைக் கொஞ்சம் ஊறவைத்து மெத்தென்று ஆக்கும், அதனால் ரேக் சீலின் லேசான கசிவு சில காலம் குறையலாம். கிரிம்ப் விட்டுப்போன ஹோஸுக்கோ வெடித்த ரப்பருக்கோ அவற்றால் எந்தப் பயனும் இல்லை.

முன் சக்கரங்கள் தரையில் படாமல் இருக்கும்போதே, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை ஸ்டியரிங் பூட்டு விடும் நிலையில் மட்டும் வைத்து, ஸ்டியரிங்கை ஓரத்திலிருந்து ஓரம் வரை மெதுவாக இருபது முறை திருப்புங்கள். டேங்கில் குமிழிகள் வரும், அளவு இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி நின்ற பிறகு எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு மறுபடி மெதுவாகத் திருப்புங்கள். நுரை வந்தால் அணைத்துவிட்டு அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். நுரையோடு திருப்பிக்கொண்டே இருந்தால் காற்று இன்னும் பொடியாகுமே தவிர வெளியேறாது. அவசரப்பட்டு முதலிலேயே ஸ்டார்ட் செய்வதால்தான் பலருக்கு ஹோஸ் மாற்றிய பிறகு முனகல் ஒரு வாரம் நீடிக்கிறது.

எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். பாட்டிலில் அடைத்துப் பழைய எஞ்சின் ஆயில் வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை, மறுபடி அதே இடம்

என் பழைய காரில் பிரஷர் ஹோஸ் ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை அதே கிரிம்பில் விட்டுப்போனது. இரண்டாவது ஹோஸ் மட்டமானது என்றுதான் நினைத்தேன். மூன்றாவது ஹோஸை மாட்டுவதற்கு முன், ஒருவரை உள்ளே உட்கார வைத்து, பிரேக்கை அழுத்திக்கொண்டு கியரில் போட்டு கிளட்சை லேசாக விடச் சொல்லி, பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தேன். எஞ்சின் ஒரு பக்கமாக நன்றாகத் தூக்கி விழுந்தது. எஞ்சின் மவுண்டிங்கின் ரப்பர் கிழிந்திருந்தது. பம்ப் எஞ்சினோடு ஆடுகிறது, ரேக் பாடியோடு அசையாமல் நிற்கிறது, நடுவில் இருக்கும் ஹோஸ்தான் ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர்ந்து அடி வாங்கியிருக்கிறது. மவுண்டிங்கை மாற்றிய பிறகு போட்ட ஹோஸ் இன்றுவரை காய்ந்தே இருக்கிறது.

அதனால் மறுபடி ஒழுகினால் ஹோஸின் தரத்தைச் சந்தேகிக்கும் முன் மவுண்டிங்கைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், கழற்றும்போது எடுத்த படத்தோடு இப்போதைய பாதையை ஒப்பிடுங்கள். ஒரு கிளிப் விட்டுப்போனாலும் ஹோஸ் தொங்கி எதிலாவது உரசும். அதுவும் சரி என்றால் ஆயிலை விரலில் தொட்டுப் பாருங்கள். கருகிப்போன பழைய ஆயிலை விட்டுவிட்டுப் புது ஹோஸை மட்டும் மாட்டியிருந்தால், டேங்கை மூன்று நான்கு முறை உறிஞ்சி எடுத்துப் புது ஆயில் ஊற்றி, இடையிடையே சில நாள் ஓட்டி, நிறம் தெளியும் வரை செய்யுங்கள்.

மாற்றிய முதல் வாரம் தினமும் காலையில் பானெட்டைத் திறந்து அளவைப் பாருங்கள். இரண்டு இணைப்பிலும் ஒரு டிஷ்யூ காகிதத்தை ஒற்றி எடுங்கள். காகிதம் காய்ந்தே வந்தால் டிக்கியில் வைத்திருக்கும் அந்தப் பாட்டிலை எடுத்துவிடலாம்.